சங்கிலியும் சுழல்தண்டும்



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் செல்லும் பெருஞ்சாலையை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. இடையே கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய ஊர்கள். இன்று அது அகன்ற நான்குவழிச் சாலை. நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி நடந்த 1990-ஆம் ஆண்டில் அது குறுகிய சாலையாக இருந்தது. விழுப்புரம் அன்று தனி மாவட்டமும் அன்று. தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1993-ல்தான் அது தனி மாவட்டமாயிற்று.

அப்போது எனக்கு வயது முப்பது. திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதில் பள்ளிக்குச் சென்று வருவேன். பத்தாம் வகுப்பில் தேறிய மாணவன் ஒருவனுக்கு, விழுப்புரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கைக்காக நேரில் வருமாறு அழைப்பு வந்திருந்தது. காலை பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும். அவன் தந்தை நிலமில்லாத உழவுத் தொழிலாளி. அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதற்பிள்ளை அவனே. அன்று காலை அவன் ஊருக்கு வரவேண்டிய பேருந்து வரவில்லை. எட்டரை மணிக்கு என் வீட்டு வாயிலில் மூச்சிரைக்க வந்து நின்றான். "கவலைப்படாதே தம்பி, வண்டியில் ஏறு" என்றேன்.

கூட்டேரிப்பட்டைக் கடந்தோம். விக்கிரவாண்டிக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, 'சடார்' என்றோர் ஓசை எழுந்தது. எஞ்சின் வீறிட்டு அலறிற்று. வண்டியோ தளர்ந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்சக்கரத்தை ஓட்டும் சங்கிலி, அடிபட்ட பாம்பைப்போல் சாலையின் நடுவே நீண்டு கிடந்தது.

அந்த மாணவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பேச்சின் இறுதியில் கூறுகிறேன். அச் சங்கிலி ஏன் அறுந்தது, அறுவதற்கு முன் அது எனக்கு என்னென்ன எச்சரிக்கைகள் தந்தது என்பவற்றை நீங்கள் அறிந்துகொண்டால்தான், இறுதியில் நான் சொல்லும் செய்தியின் பாரம் உங்களுக்கு விளங்கும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். எனவே உங்கள் வீட்டு மிதிவண்டியிலிருந்தே தொடங்குவோம். மிதியைச் சுழற்றுகிறீர்கள், முன்னுள்ள பற்சக்கரம் சுழல்கிறது, அது சங்கிலியை இழுக்கிறது, சங்கிலி பின்னுள்ள சிறு பற்சக்கரத்தை இழுக்கிறது, வண்டி ஓடுகிறது. இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். சங்கிலி இழுக்க அறியும், தள்ள அறியாது. மயிலம் முருகன் கோயிலில் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிப்போர் தேரை முன்னே இழுக்கலாம்; அதே வடத்தால் தேரைத் தள்ளமுடியுமா? முடியாது. அதுபோலவே சங்கிலியின் மேற்பகுதி விறைத்து நின்று இழுக்கிறது. கீழ்ப்பகுதி தளர்ந்து தொங்கிக்கொண்டு திரும்புகிறது. இந்தத் தொங்கலைப்பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கிலி பார்வைக்கு எளியது. ஆயினும் அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு பொறி. இரு பக்கமும் தகடுகள். தகடுகளை இணைக்கும் உருக்கு முளை, அதாவது மெக்கானிக்குகள் 'பின்' என்று சொல்வது. முளையைச் சூழ்ந்து ஒரு குழல். குழலைச் சூழ்ந்து தானே உருளும் ஓர் உருளை. பற்சக்கரத்தின் பல்லின்மேல் படுவது இந்த உருளைதான். அது உருள்வதால் பல் தேய்வது குறைகிறது. இவ்வமைப்பை 1880-ல் உருவாக்கியவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர். இன்று உலகெங்கும் ஓடும் மோட்டார் சைக்கிள் சங்கிலிகள் பெரும்பாலும் அதே அமைப்பின் வழிவந்தவையே.

இனி, சுழல்தண்டு என்றால் என்ன? சாலையில் செல்லும் லாரியின் அடியில் பார்த்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுவரை நீண்டு கிடக்கும் உருண்டையான இரும்புத் தண்டொன்று சுழல்வதைக் காணலாம். அதன் முடிவில், அச்சின் நடுவே, பெரிய கூடு ஒன்று புடைத்து நிற்கும். அக்கூட்டினுள், சாய்வாக வெட்டிய பற்களையுடைய இரு சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வி, தண்டின் சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கின்றன. இதே முறையைச் சிறிய அளவில் மோட்டார் சைக்கிளில் அமைத்தால் அதுவே சுழல்தண்டு வண்டி. பெல்ஜியம் நாட்டு எஃப்.என். நிறுவனம் 1905-ஆம் ஆண்டளவிலேயே நான்கு சிலிண்டர் கொண்ட மோட்டார் சைக்கிளில் சுழல்தண்டைப் பொருத்தியது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தில் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற பொறியியலறிஞர் அமைத்த ஆர்-32 என்னும் வண்டி 1923-ல் வெளிவந்தது. அதுவும் சுழல்தண்டு வண்டியே.

ஒரு நாட்டார் சங்கிலியை வைக்க, இன்னொரு நாட்டார் தண்டை வைத்தது ஏன்? சிலர், 'தண்டு உயர்ந்தது, சங்கிலி தாழ்ந்தது' என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுவர். அது பொறியியலை அறியாதவர் பேச்சு. எஞ்சினுக்குள் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு இருக்கிறதே, அது எத்திசையில் கிடக்கிறது என்று முதலிற் பாருங்கள். நம் புல்லட்டில் அது வண்டிக்குக் குறுக்கே கிடக்கிறது. பின்சக்கர அச்சும் குறுக்கே கிடக்கிறது. இரண்டும் ஒரே போக்கில் கிடப்பதால் சுழற்சியை எங்கும் திருப்பவேண்டியதில்லை. ஒரு சங்கிலியே போதும். பி.எம்.டபிள்யூ. வண்டியிலோ சிலிண்டர்கள் இரு பக்கமும் கைவிரித்தாற்போல் நீட்டி நிற்க, வளைதண்டு முன்பின்னாகக் கிடக்கிறது. அங்கே தண்டு நேராகப் பின்னோக்கிச் சென்று, சக்கரத்தின் அருகில் ஒரேயொரு முறை திரும்பினால் போதும். ஆகவே அவரவர் எஞ்சினுக்கு ஏற்ற வழியை அவரவர் தேர்ந்தனர்.

இரண்டின் குணங்குற்றங்களையும் இனிச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

சுழல்தண்டின் பெருஞ்சிறப்பு, அது மூடிய கூட்டினுள் எண்ணெயில் தோய்ந்து வாழ்வது. புழுதி அதனை அணுகாது, மழை நனைக்காது. இரண்டாம் உலகப்போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் இந்த வேற்றுமை நன்கு வெளிப்பட்டது. மணற்புழுதி சங்கிலிகளை அரித்துத் தின்றது; ஜெர்மானியரின் தண்டு வண்டிகளுக்கு அத்துன்பம் இல்லை. இதைக் கண்ட அமெரிக்கப் படையினர், தங்கள் நாட்டு ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்திடம் அதுபோன்ற வண்டி செய்து தருமாறு கேட்டனர். 1942-ல் எக்ஸ்.ஏ. என்ற பெயரில் ஏறத்தாழ 1000 தண்டு வண்டிகள் அந்நிறுவனத்தால் செய்யப்பட்டன.

ஆனால் உலகில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. சுழல்தண்டும், அதன் கூடும், சாய்பற்சக்கரங்களும், சக்கரம் மேலுங்கீழும் ஆடும்போது வளைந்து கொடுக்கவேண்டிய மூட்டும் சேர்ந்து வண்டியின் எடையைக் கூட்டுகின்றன, விலையையும் கூட்டுகின்றன. சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பும் இடத்தில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. தூய்மையாக இருந்து எண்ணெயும் பெற்ற நல்ல சங்கிலி, தனக்குக் கிடைத்த ஆற்றலில் நூற்றுக்கு 97 அல்லது 98 பங்கைச் சக்கரத்திற்கு ஒப்படைத்துவிடும். அத்துணை சிக்கனம் தண்டுக்குக் கைவராது. சங்கிலி வண்டியில் வேகமோ இழுவையோ கூடவேண்டுமென்றால் வேறு எண்ணிக்கையுள்ள பற்சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். தண்டு வண்டியில் அது எளிதன்று. சங்கிலி தேய்ந்தால் ஒரு பகற்பொழுதில் புதியது போடலாம். தண்டின் பற்சக்கரம் பழுதானால் அதனைச் செப்பனிடும் இடம் தேடி அலையவேண்டும்.

நம் நாட்டிலும் இவ்விரு முறைகளும் ஓடியிருக்கின்றன. இத்தாலிய லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் முற்பட்ட வகைகள் சுழல்தண்டு கொண்டவை. 1950-களின் இறுதியில் வந்த வகைகளில் அந்நிறுவனத்தார் தண்டை விட்டுச் சங்கிலிக்கு மாறினர். ஆனால் ஒரு நுட்பம்: அச்சங்கிலியை முழுதும் மூடிய பெட்டியினுள் எண்ணெயில் ஓடவிட்டனர். சங்கிலியின் சிக்கனமும் தண்டின் பாதுகாப்பும் ஒருங்கே கிடைத்தன.

புல்லட்டின் வரலாறும் நமக்கு நெருக்கமானது. 1955-ல் சென்னையைச் சேர்ந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. முதலில் உறுப்புகளைக் கப்பலில் வருவித்துப் பொருத்தினர். பின்னர் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று. தாய்நாடான இங்கிலாந்தில் 1970-ல் அவ்வண்டிகளின் உற்பத்தி நின்றுபோயிற்று; நம் தமிழ்நாட்டிலோ அது தொடர்ந்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் இயங்குகின்றன.

அந்தப் பழைய புல்லட்டில் ஒரு சங்கிலி அன்று, இரண்டு சங்கிலிகள் இருந்தன என்பதை உங்களிற் பலர் அறியமாட்டீர்கள். எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் முதற்சங்கிலி, மூடிய கூட்டினுள் எண்ணெயில் ஓடும். அங்கிருந்து பின்சக்கரத்திற்குச் செல்லும் இரண்டாவது சங்கிலி வெளியே புழுதியில் ஓடும். இரண்டும் ஒரே வண்டியில், ஒரே எஞ்சினுக்கு உழைப்பவை. உள்ளே இருப்பது ஆண்டுக்கணக்கில் நம்மைத் தொந்தரவு செய்யாது. வெளியே இருப்பது சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நம் கையை எதிர்பார்க்கும். சங்கிலியைத் தின்பது உழைப்பு அன்று, புழுதியும் வறட்சியும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சங்கிலி எவ்வாறு முதுமை அடைகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

'செயின் நீண்டுவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ரப்பர் நீள்வதைப்போல் இரும்புத் தகடு இழுபட்டு நீள்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மூட்டிலும் முளையும் குழலும் உரசித் தேய்கின்றன. தேய்ந்த இடம் சிறு இடைவெளியாகிறது. அவ்விடைவெளிகள் யாவும் ஒன்றுசேர்ந்து நீளமாகத் தோன்றுகின்றன. பழைய புல்லட் சங்கிலியில் ஒரு முளையின் நடுவிலிருந்து அடுத்த முளையின் நடுவரை 15.875 மில்லிமீட்டர்; பழைய அளவையில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. அப்படி 20 கண்ணிகளை அளந்தால் 317.5 மில்லிமீட்டர் வரவேண்டும். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டால் ஏறத்தாழ 324 மில்லிமீட்டர் ஆகும். அந்நிலை வந்துவிட்டால் சாதாரணச் சங்கிலிக்கு விடைகொடுத்து அனுப்பவேண்டும். சில நிறுவனத்தார் அதற்கு முன்னரே மாற்றச் சொல்வர்.

இந்த இரண்டு பங்கு என்பது ஒரு கண்ணிக்கு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு! கண்ணுக்கே புலப்படாத தேய்வு. ஆனால் 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் அது 31 மில்லிமீட்டருக்கு மேலாகிறது. அதாவது முழுமையாக இரண்டு கண்ணிகளின் நீளம். சிறு பிழைகள் தனித்தனியே நின்றால் தெரிவதில்லை; வரிசையாகக் கைகோத்து நின்றால்தான் அவற்றின் பேருருவம் தெரிகிறது. நீண்ட சங்கிலி பல்லின் அடியில் அமராமல் நுனியில் ஏறி அமர்கிறது. அதனால் பற்சக்கரத்தின் பற்கள் அரிவாள் மூக்கைப்போல் ஒருபக்கமாக வளைந்து தேய்கின்றன. அத்தகைய பற்சக்கரத்தில் புதிய சங்கிலியைப் போட்டால் அதுவும் விரைவில் கெடும். ஆகையால் சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருங்கே மாற்றுவதே முறை.

இனிப் பராமரிப்பு. நான் சொல்லும் முதல் விதியை மறவாதீர்கள்: சங்கிலியைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நடுத் தாங்கியில் நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரம் சுழலும்போதே துணியால் சங்கிலியைத் துடைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். துணியின் நுனி பற்சக்கரத்தில் சிக்கினால், அடுத்த கணம் விரலும் உள்ளே போகும். போன விரலைத் திரும்பப் பெற வழியில்லை.

இரண்டாவது, தூய்மை. மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் அழுக்கை நீக்கி, உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். பெட்ரோல் வேண்டா, அது தீப்பற்றும். இக்காலச் சங்கிலிகள் பலவற்றில் முளைக்கும் குழலுக்கும் இடையே கிரீஸை வைத்து, தகடுகளுக்கு இடையில் சிறு ரப்பர் வளையங்களால் அடைத்துவிடுகிறார்கள். அத்தகைய சங்கிலியைப் பெட்ரோலும் கம்பித் தூரிகையும் கெடுத்துவிடும். வளையம் போனால் உள்ளிருக்கும் கிரீஸும் போகும்.

மூன்றாவது, எண்ணெய். எங்கே இடவேண்டும்? பலர் சங்கிலியின் வெளிப்புறத்தில் ஊற்றுகிறார்கள். சங்கிலி பற்சக்கரத்தைச் சுற்றி ஓடும்போது எண்ணெய் வெளிநோக்கி வீசப்படும் என்பதை வட்ட இயக்கப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எனவே கீழ்ப்பகுதியின் உட்புறத்தில், தகடுகளின் இடுக்கில், துளித்துளியாக இடுங்கள். ஓடும்போது அதுவே உள்ளிருந்து வெளியே பரவிக்கொள்ளும். பயணம் முடிந்து சங்கிலி இளஞ்சூடாக இருக்கும் வேளையே இதற்கு உகந்தது. எண்ணெய் உள்ளே இறங்கச் சற்று நேரம் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். மேலே வழியும் எண்ணெயால் பயனில்லை. அது புழுதியைப் பிடித்துவைத்து அரம்போல் அராவும். டயரின்மேல் பட்டாலோ ஆபத்து. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை வீணாக்காமல் சங்கிலிக்கு ஊற்றுவது நம் ஊர்களில் வழக்கம். அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும். அச்சிக்கனம் சிக்கனமாகாது. ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்தபின் ஒவ்வொரு முறையும் எண்ணெய் இடுவது நல்ல பழக்கம்.

நான்காவது, தொங்கல். கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலுங்கீழும் அசைத்துப் பார்த்தால், பல வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் அளவுக்கு அசைவு இருக்கவேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் காணலாம். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளக்கவேண்டும். தளர்ந்தால் சங்கிலி பல்லிலிருந்து கழன்றுவிடும். 'இறுக்கமாக இருப்பதே நல்லது' என்று எண்ணுவதும் தவறு. ஆட்கள் ஏறி அமர்ந்து பின்சக்கரம் மேலுங்கீழும் ஆடும்போது சங்கிலி இன்னும் இறுகும். அந்த இறுக்கம் தாங்கிகளையும் முளைகளையும் தின்றுவிடும். சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும்போது இரு பக்கமும் ஒரே அளவு நகர்த்துங்கள். இல்லையேல் சக்கரம் கோணிக்கொள்ளும்.

ஐந்தாவது, செயின் லாக். சங்கிலியின் இரு முனைகளை இணைக்கும் கண்ணியின்மேல், மீன் வடிவில் ஒரு சிறு உருக்குப் பிடிப்பு இருக்கும். அதன் ஒரு முனை மூடியது. மறு முனை பிளந்தது. மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். ஏன்? ஓடும் வழியில் ஏதேனும் அதன்மேல் உரசினால், மூடிய முனையாயின் பிடிப்பு தன் இடத்திலேயே அழுந்தி நிற்கும். பிளந்த முனையாயின் கழன்று பறந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சேலையின் முந்தானையும், துப்பட்டாவும், வேட்டியின் நுனியும் சங்கிலிக்கும் சக்கரக் கம்பிக்கும் உகந்த இரைகள். பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வண்டியில் இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டளையிடுகின்றன. அழகுக்காக அதனைக் கழற்றி எறிபவர், தம் தாயையோ தங்கையையோ பின்னால் ஏற்றிச் செல்லும் நாளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

சரி, 1990-ஆம் ஆண்டின் அந்தக் காலைப்பொழுதுக்குத் திரும்புவோம். சாலையில் கிடந்த சங்கிலியை எடுத்துப் பார்த்தேன். ஒரு முனையில் இணைப்புத் தகடும் லாக்கும் இல்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை சங்கிலியைக் கழற்றி மாட்டியவன் நானே. பிளந்த முனையை முன்னோக்கி வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் என் நினைவில் தைத்தது. அதற்கும் முன்பே பல நாளாகச் சங்கிலி வறண்டு 'கறுக் கறுக்' என்று முனகிக்கொண்டிருந்தது. தளர்ந்து கூட்டில் மோதி 'டக் டக்' என்று தட்டியும் கூறியது. தேர்வுத்தாள் திருத்தும் அலுவலில், 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நான் அதனைத் தள்ளிவைத்தேன். வகுப்பில் உராய்வைப்பற்றிக் கரும்பலகை நிறைய எழுதியவன், தன் வண்டியில் உராய்வு எழுதிய எழுத்தைப் படிக்கத் தவறினேன்.

மாற்றுலாக் ஒன்று கையில் இருந்திருந்தால் கால்மணி நேர வேலை. அதுவும் இல்லை. வந்த பேருந்துகள் நிரம்பி வழிந்தன, நிற்கவில்லை. நெடுநேரம் கழித்து, சவுக்குக் கட்டை ஏற்றிவந்த லாரி ஒன்றின் ஓட்டுநர் இரக்கப்பட்டு அவனை ஏற்றிக்கொண்டார். அவன் விழுப்புரத்தை அடைந்தபோது மணி பதினொன்றே கால். அவன் பெயரை அழைத்து, ஆள் இல்லையென்று கண்டு, அவ்விடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, வரிசையில் அடுத்து நின்றவனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருந்திருப்பான்.

மாலையில் அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் தந்தை என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "நீங்கள் நல்லது செய்யத்தானே ஐயா புறப்பட்டீர்கள்" என்றார். அந்தச் சொல்லை இன்றளவும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய்க்கும், ஒரு நிமிடக் கவனத்திற்கும் விலையாக, இன்னொருவன் மகனுடைய ஓர் ஆண்டை நான் செலவிட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு முழுவதும் அவன் திண்டிவனத்தில் ஒரு மிதிவண்டிக் கடையில் வேலைக்கு நின்றான். அடுத்த ஆண்டு, முதல் நாள் மாலையே அவனை விழுப்புரத்திற்கு அழைத்துச் சென்று ஓர் உறவினர் வீட்டில் தங்கவைத்தேன். ஃபிட்டர் பிரிவில் இடம் கிடைத்தது. நன்றாகப் படித்தான், நல்ல வேலையிலும் அமர்ந்தான். ஆயினும் 'முடிவில் எல்லாம் நன்றாகவே ஆயிற்று' என்று சொல்லி நான் என்னைத் தேற்றிக்கொள்வதில்லை. அந்த ஓராண்டில் அவன் வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களே, தண்டு வண்டியா, சங்கிலி வண்டியா, எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான். சுழல்தண்டு தன் நோயை மூடிய கூட்டினுள் மறைத்துவைக்கும், அரிதாகவே நோயுறும், உற்றால் செலவு மிகுதி. அதற்கும் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றவேண்டும். கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். சங்கிலி அடிக்கடி நோயுறும். ஆனால் தன் நோயை மறைக்காது. கண்ணுக்குத் துருவாகக் காட்டும். காதுக்கு ஓசையாகச் சொல்லும். விரலுக்குத் தொங்கலாக உணர்த்தும். சிற்றூர் மெக்கானிக் ஒருவர் சில கருவிகளைக்கொண்டு அதைச் சீராக்கிவிடலாம். புழுதி மிகுந்து, பணம் குறைந்த நம் போன்றோர்க்குச் சங்கிலி பொருத்தமான துணைதான். அது சொல்வதைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருந்தால். அப்பழக்கம் இல்லாதவனுக்கு எந்த வண்டியும் நல்ல வண்டி ஆகாது.

2018-ல் தலைமையாசிரியனாக இருந்து நான் ஓய்வு பெற்றபோது, அந்த மாணவன் என்னைக் காண வீட்டிற்கு வந்தான். அவன் தலையிலும் நரை தோன்றியிருந்தது. வாயிலில் என் புல்லட் நின்றிருந்தது. அவன் உள்ளே வருவதற்கு முன் அதன் அருகில் குந்தி அமர்ந்தான். சங்கிலியின் நடுவில் விரலை வைத்து அசைத்துப் பார்த்தான். லாக் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். பிறகு எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "சரியாக இருக்கிறது ஐயா" என்றான்.

நான் வாழ்நாளில் எழுதிய தேர்வுகளுள் அத்துணை அச்சத்தோடு முடிவுக்குக் காத்து நின்ற தேர்வு வேறொன்றில்லை.